சாமியறைக் கிற்றார்

அத்தானின் பெயரை எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. புருஷன் பெயரை அக்கா வாயால் சொல்லமாட்டாள். அம்மாவுக்கு அவர் ‘மருமகன்’, அதுவும் அவர் இல்லாத இடத்தில் மட்டும். எனக்கு அத்தான். எங்கள் ஒழுங்கையில் மற்ற எல்லாருக்கும் ‘கிற்றார்காரர்’. ஆகவே இங்கேயும் பெயர் வேண்டாம். பெயரைப் போட்டு எழுதினால் யாரோ வேறு மனிதரைப் பற்றி எழுதுவது போல எனக்கே இருக்கும்.

கல்யாணம் முடிந்ததும் மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வந்து இருப்பதுதான் எங்கள் திருகோணமலைப் பக்க வழக்கம். அத்தான் கப்பல்துறையிலிருந்து இரண்டு பெட்டிகளோடு வந்தார். உடுப்பு இருந்த றங்குப் பெட்டியை வண்டிக்காரன் தூக்கி வந்தான். மற்றதை அவர் யாரிடமும் கொடுக்கவில்லை. நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பட்டு வேட்டி தடுக்கத் தடுக்க, தானே கொண்டுவந்தார். கறுப்புப் பெட்டி. ஒரு பக்கம் அகலம், மறு பக்கம் ஒடுக்கம். அதைக் கண்டதும் அம்மாவின் முகம் கறுத்துவிட்டது. நல்ல நாளில் படலையால் உள்ளே வரக்கூடிய உருவமா அது?

“பிள்ளை, உது என்னவெண்டு கேள்,” என்றாள் என்னிடம். மாமியார் மருமகனோடு நேரே கதைப்பது எங்களிடம் முறையில்லை. என்னைப் பார்த்துச் சொல்வாள், அல்லது சுவரைப் பார்த்துச் சொல்வாள். நானோ சுவரோ அதை அவரிடம் சேர்ப்பிக்கவேண்டும்.

“கிற்றார் எண்டு மாமியிட்டைச் சொல்லும் மச்சாள்,” என்றார் அவர்.

அதன் பிறகு அவர் செய்ததைச் சொன்னால் இப்போதும் எனக்குச் சிரிப்பு வரும். புதுத் தம்பதிகளுக்கென்று விரித்து, பூவெல்லாம் தூவி வைத்திருந்த கட்டிலில் பெட்டியைக் கிடத்திவிட்டு, வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தார். ஒவ்வொரு சுவரிலும் உள்ளங்கையை வைத்துப் பார்த்தார், காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டுப் பார்ப்பது போல. கடற்பக்கச் சுவர் வாடைக்காற்றுக்கு வியர்க்கும் என்றார். விறாந்தைச் சுவரில் பின்னேர வெயில் விழும் என்றார். குசினிக்குள் புகை. கடைசியில் வீட்டின் நடுவில், வெளிச்சுவர் ஒன்றும் இல்லாமல் இருந்த சாமியறைக்குள் போய் நின்றார். கையை வைத்தார். முகம் மலர்ந்தது. சட்டைப் பையிலிருந்து ஓர் ஆணியை எடுத்தார். கல்யாண மாப்பிள்ளையின் சட்டைப் பையில் ஆணி!

“சாமிக்குப் பக்கத்திலை பைலாப் பாட்டுப் பெட்டியோ? கேள் பிள்ளை!”

“வாத்தியமெண்டால் சாமிக்குப் பொதுத்தானே மச்சாள்.”

கல்யாணத்தன்று மருமகனோடு வாதாட அம்மாவுக்கு வாய் வரவில்லை. ஆணி இறங்கியது. வேலைநாட்களில் கிற்றார் பெட்டிக்குள் கிடக்கும், பெட்டி அந்த ஆணிக்குக் கீழே ஒரு பலகையில் கிடக்கும். சனி, ஞாயிறு பெட்டி திறந்து கிற்றார் ஆணியில் ஏறும், ‘மூச்சு விட’. இது அவருடைய சொல்.

வெள்ளைக்காரக் கடற்படை திருகோணமலையை விட்டுப் போனபோது பலரும் கட்டில், கதிரை, அலுமாரி என்று வாங்கினார்கள். துறைமுகக் களஞ்சியத்தில் எழுதுவினைஞராக இருந்த அத்தான் இந்தக் கிற்றாரை வாங்கியிருக்கிறார். களஞ்சியத்தில் கூட வேலை செய்த ஒரு பறங்கியர் வாசிக்கப் பழக்கினார். பிறகு அவர்களே நாலைந்து பேராகச் சேர்ந்து கல்யாண வீடுகளில் சனத்தை ஆடவைக்கும் பைலாப் பாட்டுகள் வாசித்தார்கள். பெட்டியைச் செய்தவர் படகு கட்டும் ஓடாவியார். பலகைக்கு மேல் படங்குத் துணி ஒட்டி, படகுக்குப் பூசும் கறுப்பு மை பூசி, மூடி பொருந்தும் விளிம்பு முழுக்கச் சைக்கிள் ரியூபைக் கிழித்துப் பதித்திருந்தார். மூடினால் தண்ணீரும் புகாது, உப்புக்காற்றும் புகாது. அத்தானின் பெருமையெல்லாம் கிற்றாரைவிட இந்தப் பெட்டியில்தான் இருந்ததோ என்று நான் நினைப்பதுண்டு.

காற்று மாறினால் அவரும் மாறுவார். வறண்ட கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் மரம் காய்ந்து வெடித்துவிடும் என்று, துளை போட்ட ஒரு பிளாஸ்ரிக் சவர்க்காரக் கூட்டுக்குள் ஈரத்துணியை வைத்துப் பெட்டிக்குள் வைப்பார். வாடை தொடங்கினால் ஈரத்துணி வெளியே போய், சிரட்டைக்கரி நிரப்பிய சிறு பைகள் உள்ளே வரும். அந்தப் பைகளைத் தைத்தது நான். பெட்டிக்குள் போட்ட கம்பளி மெத்தையைத் தைத்ததும் நான். தையல் மெசின் என் கையில் இருந்த பாவம். “கழுத்துக்குக் கீழை கொஞ்சம் தடிப்பாய் இருக்கட்டும் மச்சாள், ஆடினால் நோகும்,” என்று பக்கத்தில் நின்று சொல்லுவார். “ஆருக்கு நோகும், அத்தான்?” என்று கேட்பேன். அவர் மெத்தையைத் தடவிப் பார்ப்பார்.

சாமியறையில் வைத்ததற்கு அவர் ஒருமுறை நன்றாகவே வாங்கிக் கட்டிக்கொண்டார். முதல் நவராத்திரி வந்தது. சரஸ்வதிக்குரிய கடைசி மூன்று நாள் பூசைக்கு, முதல் நாளிலேயே நாங்கள் புத்தகங்களை அடுக்கினோம். அம்மா யாரும் சொல்லாமலே கிற்றாரையும் பெட்டியிலிருந்து எடுத்துப் படத்தின் முன்னால் கிடத்தி, தலைப்பக்கத்தில் சந்தனப் பொட்டு வைத்து, மஞ்சள் தண்ணீரும் தெளித்துவிட்டாள். அத்தான் வேலையால் வந்து பார்த்தபோது பலகையில் மஞ்சள் துளிகள். மனிதர் அழாத குறை. அதைவிடப் பெரிய கூத்து அடுத்த நாள். மூதூரில் ஒரு கிறிஸ்தவ வேதக்காரர் வீட்டுக் கல்யாணம், லோஞ்சுப் படகில் போகவேண்டும், மற்றவர்கள் ஜெற்றியில் காத்து நிற்கிறார்கள். அவர் சாமியறை வாசலுக்கு வர, அம்மா குறுக்கே நின்றாள்.

“விசயதசமி வரைக்கும் பூசையிலை வைச்சதைத் தொட ஏலாது எண்டு சொல்லு பிள்ளை.”

“ஐயோ மச்சாள், கல்யாண வீட்டிலை பாத்துக்கொண்டிருக்கினம்…”

“சாமியறையிலை வைச்சது நானோ? வைச்சவைதான் அந்தச் சட்டத்தையும் பாக்கவேணும்.”

நான் சிரிப்பை அடக்க முடியாமல் குசினிக்குள் ஓடிவிட்டேன். அத்தான் வெறுங்கையோடு மூதூருக்குப் போய், அங்கே ஒரு மேசையில் தாளம் போட்டுவிட்டு வந்தார். ஆனால் அந்தச் சந்தனப் பொட்டை அவர் துடைக்கவே இல்லை. கம்பிகளைத் துடைப்பார், பலகையைத் துடைப்பார், பொட்டைச் சுற்றிக்கொண்டு துணி போகும். அன்றிலிருந்து அம்மாவும் சும்மா இருக்கவில்லை. சாமியறைப் பக்கம் அயல்வீட்டுக் குழந்தைகள் ஓடினால், “கிற்றார் கிடக்குது, பாத்து!” என்று கத்தத் தொடங்கினாள்.

அக்காவுக்குத்தான் அந்தப் பெட்டி முள்ளாக இருந்தது. அதில் நியாயமும் இருந்தது. வீட்டில் அவர் ஒருநாளும் வாசித்ததில்லை. ஊர் முழுக்க வாசித்தவர் அவளுக்கென்று மட்டும் வாசிக்கவில்லை. “ஒருக்கால் வாசிச்சுக் காட்டுங்கோவன்,” என்று அவள் கேட்டால், “குசினிப் புகை அடங்கட்டும்… பிறகு பாப்பம்,” என்பார். இருமுவதற்குக்கூட மாமியார் வீட்டில் வாசலுக்குப் போகிற மனிதர் அவர். கூச்சம்தான் காரணம் என்று எனக்குத் தெரியும். அக்காவுக்கு அப்படித் தெரியவில்லை. தன்னைவிட அது பெரிது என்றுதான் அவளுக்குப் பட்டது.

குச்சவெளியில் ஒரு சொந்தக்காரர் கல்யாணத்துக்கு அவர்கள் இருவரும் போன கதை இதற்கு நல்ல சாட்சி. முதல்நாளே கம்பிகளின் முறுக்கைத் தளர்த்திவிட்டார். “பயணத்திலை இளகி இருக்கவேணும், இறுகி இருந்தால் கழுத்து வளையும்.” பெட்டிக்குள் ஆட்டம் இல்லாமல் இருக்க அக்காவின் இரண்டு சேலைகளை மடித்து இடைவெளிகளில் அடைத்தார். பஸ்ஸில் பெட்டியை மேலே ஏற்ற விடவில்லை. முழங்கால்களுக்கு நடுவில் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டார். கொண்டக்டர், “ஐயா, இவருக்கும் ஒரு ரிக்கற் கிழிக்கட்டோ?” என்று கேட்க, பகிடி என்று தெரியாமல், “ஓம், கிழியுங்கோ,” என்றாராம். பஸ் முழுக்கச் சிரிப்பு. அக்கா யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

திரும்பி வரும்போது மழை. பஸ்ஸால் இறங்கி எங்கள் ஒழுங்கையால் மூன்று பேர் நடந்து வந்தார்கள், அதாவது அத்தான், அக்கா, பெட்டி. குடை ஒன்று. அது யாருக்கு மேலே இருந்தது என்று நான் சொல்லத் தேவையில்லை. அவரும்தான் தெப்பலாக நனைந்திருந்தார். ஆனால் வாசலில் அக்கா நின்ற கோலத்தைப் பார்த்ததும் எனக்கு நெஞ்சு கொதித்தது. “கடலிலை போற வள்ளத்துக்குப் பூசுற மை பூசின பெட்டிக்குக் குடை என்னத்துக்கு, அத்தான்?” என்றேன். அவர் பெட்டியையும் குடையையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தக் கேள்வி அவருக்குத் தோன்றவேயில்லை என்பது முகத்தில் தெரிந்தது. அன்றிரவு தானே மல்லித் தண்ணி அவித்து, அக்காவின் கையில் கொடுத்துவிட்டு, அவள் குடித்து முடியும்வரை நின்றார். அக்கா குடித்தாள். கோப்பையை அவர் கையில் கொடுக்காமல் நிலத்தில் வைத்தாள்.

கொஞ்சக் காலத்தில் அக்காவுக்கு வயிற்றில் பிள்ளை. ஒழுங்கை முகப்பில் கிண்ணியாக்கார முஸ்லிம் ஒருவர் கடை வைத்திருந்தார், அண்ணன் முறையாக நாங்கள் ‘காக்கா’ என்று கூப்பிடுவோம். வாய் சும்மா இருக்காத மனிதர். ஒருநாள் அக்கா சீனி வாங்கப் போனபோது பகிடியாகக் கேட்டுவிட்டார்: “தங்கச்சி, ஊடு பத்திக்கிட்டா உங்கட மாப்பிள முதல்ல எதைத் தூக்குவாரு? உங்களையா, பெட்டியையா?” கடையில் நின்றவர்கள் சிரிக்க, அக்காவும் சிரித்துக்கொண்டுதான் வந்தாள். ஆனால் அந்தக் கேள்வி அவளோடு வீட்டுக்கு வந்துவிட்டது. இரவுச் சாப்பாட்டில் அத்தானிடம் கேட்டாள்.

“இஞ்சருங்கோ, வீடு பத்தினால் எதை முதல் தூக்குவியள்?”

வேறு எவராக இருந்தாலும் ‘உம்மைத்தான்’ என்று ஒரு பொய்யையாவது உடனே சொல்லியிருப்பார். அத்தான் சோற்றில் கையை வைத்தபடி யோசிக்கத் தொடங்கினார். கண் வீட்டு முகட்டுக்குப் போனது. வாசலுக்குப் போனது. சாமியறைக்குப் போனது. அக்காவின் வயிற்றுக்கு வந்தது. மறுபடி வாசலுக்குப் போனது. அக்கா பொறுத்துப் பார்த்துவிட்டு, எழுந்து குசினிக்குள் போனாள். அங்கே அவள் அழுத அழுகையை நான் மறக்கமாட்டேன். “அவருக்கு மறுமொழி தெரியேல்லை, பாத்தியே,” என்றாள். “இந்தப் பிள்ளை பிறந்தாலும் அவருக்கு ரெண்டாவதுதான்.” எனக்கும் அப்படித்தான் பட்டது. அத்தானுக்குச் சோறு போட என் கை வரவில்லை.

பிள்ளை பிறந்தது. பெண்பிள்ளை. அவர் அவளைத் தூக்கவே பயந்தார். கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்ப்பார், கையைப் பின்னால் கட்டிக்கொண்டு. அக்கா அதையும் கணக்கில் வைத்தாள்.

அந்த மார்கழியில்தான் பெரும் புயல். எங்கள் ஊர்க்காரருக்கு அதைப் பற்றி விளக்கத் தேவையில்லை. காலையிலிருந்தே காற்று. மத்தியானம் கழிந்ததும் துறைமுகத்துத் தண்ணீர் ஒழுங்கைக்குள் ஏறத் தொடங்கியது. ஓடுகள் ஒவ்வொன்றாகக் கிளம்பிப் பறந்தன. கடைக் காக்கா இடுப்பளவு தண்ணீரில் நின்றுகொண்டு, “எல்லாரும் பள்ளிக்கூடத்து மேட்டுக்கு ஏறுங்க! ஊட்டுக்க நிக்காதீங்க!” என்று வீடு வீடாகக் கத்திக்கொண்டு போனார்.

அக்கா பிள்ளையை மார்போடு இறுக்கிக்கொண்டு கட்டிலில் நின்றாள். தண்ணீர் கட்டில் சட்டத்தைத் தொட்டுவிட்டது. மழை ஊசியாகக் குத்துகிறது, மேலே ஓடு இல்லை. இந்தக் காற்றில் அத்தனை சிறிய உயிரை எப்படிக் கொண்டுபோவது என்று எங்களுக்குத் தெரியவில்லை. நான் அத்தானைப் பார்த்தேன். அவர் எங்களைக் கடந்து சாமியறைக்குள் ஓடினார்.

அக்கா என்னைப் பார்த்தாள். அந்தப் பார்வையில் அழுகைகூட இல்லை. இதுதான் நடக்கும் என்று தனக்கு முன்பே தெரியும் என்பது போல ஒரு பார்வை.

அத்தான் பெட்டியைத் தலைக்கு மேலே பிடித்துக்கொண்டு வெளியே வந்தார். என் வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். “நீங்கள் ஒரு மனிசனோ? பெத்த பிள்ளை தண்ணிக்குள்ளை நிக்குது, உங்களுக்குக் கிற்றாரோ?” அதற்காக இன்றைக்கும் நான் வருத்தப்படவில்லை. அந்த இடத்தில் நின்ற எவளும் அதைத்தான் சொல்லியிருப்பாள்.

அவர் பெட்டியைச் சாப்பாட்டு மேசையில் வைத்துத் திறந்தார். உள்ளே கிற்றார் இல்லை. திறந்திருந்த கதவால் சாமியறை தெரிந்தது. அவர் எடுத்து மாட்டிவிட்டு வந்த கிற்றார் வெறுமனே ஆணியில் தொங்கி, காற்றுக்குச் சுவரில் மோதி மோதி ஆடிக்கொண்டிருந்தது.

“பிள்ளையைத் தாரும்,” என்றார் அக்காவிடம்.

கரிப்பைகளை எடுத்து எறிந்தார். நான் தைத்த மெத்தையில் பிள்ளையைக் கிடத்தினார், அகலமான பக்கத்தில் தலை, ஒடுங்கும் பக்கத்தில் கால். ஆட்டம் இல்லாமல் இருக்கத் துணிகளை மடித்து இரு பக்கமும் அடைத்தார். கிற்றாரை வைக்கும் அதே கணக்கு. அவ்வளவு நாளும் பிள்ளையைத் தொடப் பயந்த கைகள் அப்போது நடுங்கவில்லை. மூடியைச் சாத்தப் போனவர் நிறுத்தி, பெட்டி மூலையில் கிடந்த சவர்க்காரக் கூட்டை எடுத்து, தலைப்பக்க விளிம்பில் மூடிக்குக் கீழே குறுக்காகக் கொடுத்தார். மூடி பொருந்தாமல் ஒரு கை நுழையும் அளவு திறந்து நின்றது. தன் சால்வையால் பெட்டியைச் சுற்றி இறுக்கிக் கட்டினார்.

“ஒடுங்கின பக்கம் காத்தடிக்கிற திசைக்கு இருக்கட்டும். திறந்த பக்கம் என்ரை முகத்துக்கு,” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு பெட்டியைத் தோளில் ஏற்றினார்.

வாசலில் தண்ணீர் இழுத்தது. அவர் ஒரு காலை ஊன்றி மறுகாலை எடுக்கையில், பின்னாலிருந்து அம்மாவின் குரல் வந்தது. என்னிடமும் இல்லை, சுவரிடமும் இல்லை.

“தம்பி! கவனம் தம்பி! மூடியைப் பாத்துக்கொள்ளுங்கோ!”

“ஓம் மாமி!”

நாங்கள் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு பின்னால் போனோம். அக்கா அந்தக் கறுப்புப் பெட்டியிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. மழை அதன்மேல் விழுந்து விழுந்து வழிந்தது. ஒரு இடத்தில் தண்ணீர் அத்தானின் நெஞ்சுவரை வந்தது, பெட்டி மட்டும் தாழவில்லை. பள்ளிக்கூட மண்டபத்துக்குள் ஏறியதும் எல்லாரும் சுற்றி நின்றார்கள். சால்வையை அவிழ்க்க அவர் விரல்கள் விறைத்துப்போய்க் கிடந்தன, நான்தான் அவிழ்த்தேன். உள்ளே பிள்ளை, வழியில் ஒரு துளி ஈரமும் படாமல், தன் கைமுட்டியைச் சூப்பிக்கொண்டு, சனக்கூட்டத்தைப் பார்த்தது. அக்கா அதை வாரி எடுத்துவிட்டு, பிள்ளையோடு சேர்த்து அத்தானின் நனைந்த நெஞ்சில் முகத்தை வைத்துக்கொண்டாள், அத்தனை பேர் பார்க்க. கடைக் காக்கா திரும்பி நின்று முகத்தைத் துடைத்தார். அதற்குப் பிறகு அவர் அத்தானைப் பகிடி பண்ணி நான் கேட்டதில்லை.

தண்ணீர் வடிந்து நாங்கள் வீட்டுக்குத் திரும்பியபோது கூரை பாதி இல்லை. சாமிப் படங்கள் சேற்றில் கிடந்தன. கிற்றார் அந்த ஆணியிலேயே தொங்கியது. வயிறு ஊதி, அடிப்பலகை விலகி, கம்பிகள் துருவேறியிருந்தன. பொட்டு கழுவிப்போயிருந்தது. அத்தான் அதை நிழலில் வைத்துப் பொறுமையாக உலர்த்தினார். பசை போட்டு, கயிறு சுற்றி இறுக்கி, புதுக் கம்பி போட்டார். குரல் மாறிவிட்டது. தடிமன் பிடித்தவர் பாடுவது போல ஒரு கரகரப்பு.

“மேடைக்கு இனி ஆகாது,” என்றார். “வீட்டுக்குக் காணும்.”

பெட்டி கிற்றாரிடம் திரும்பிப் போகவேயில்லை. மூடியைக் கழற்றிவிட்டோம், பிள்ளை அதில்தான் படுத்தாள். அவளுக்குப் பின் வந்த தம்பியும், பிறகு என் பிள்ளைகளும் அதில் படுத்தார்கள். கிற்றார் விறாந்தைச் சுவரில், பின்னேர வெயில் விழுகிற அதே இடத்தில், உறையும் இல்லாமல் தொங்கியது. யார் வேண்டுமானாலும் எடுத்துத் தட்டலாம்.

கூரைக்குக் கிடுகு போட்டு முடித்த ஒரு பின்னேரம், அவர் முதல்முறையாக வீட்டில் வாசிக்க உட்கார்ந்தார். அக்கா பக்கத்தில் பெட்டியை ஆட்டிக்கொண்டிருந்தாள். நான் தையலில் இருந்தேன். கம்பியை முறுக்கிக்கொண்டிருந்தவரிடம் அவள் கேட்டாள்.

“அண்டைக்கு நான் கேட்டபோது ஏன் பேசாமல் இருந்தனீங்கள்? எதைத் தூக்கிறதெண்டு.”

“எதைத் தூக்கிறதெண்டு யோசிக்க என்ன கிடக்கு?” என்றார் அத்தான், உண்மையாகவே விளங்காமல். “எப்பிடித் தூக்கிறதெண்டெல்லோ யோசிச்சனான். வயித்துப் பிள்ளையோடை உம்மைத் தூக்க அந்தப் பெட்டி சின்னன், காணாது. வேறை வழி பாக்கவேணும். யோசிச்சு முடிக்க முதல் நீர் எழும்பிப் போட்டீர்.”

பெட்டியை ஆட்டிய அக்காவின் கை நின்றுபோனது. கண் நிறைந்து, சிரிப்பும் வந்து, சேலைத் தலைப்பால் வாயைப் பொத்திக்கொண்டாள். நான் மெசினைக் குனிந்து பார்த்தேன், ஊசியில் நூல் இருக்கிறதா என்று எனக்குத் தெரியவில்லை.

அவர் வாசித்தார். பைலா இல்லை, ஏதோ மெதுவான ஒன்று. குசினியில் புகை அடங்கியிருக்கவில்லை, அவர் அதைப் பார்க்கவும் இல்லை. கொஞ்ச நேரத்தில் பிள்ளையின் கண் சொருகியது. நித்திரையானதைப் பார்த்து அத்தான் கையை எடுத்தார்.

குசினிக்குள்ளிருந்து அம்மா கூப்பிட்டாள்.

“ஏன் தம்பி நிப்பாட்டினீங்கள்? வாசியுங்கோ. நாங்களும் இருக்கிறமெல்லோ.”